சுகர் என்று எழுதிய பிறகு

மேஜைமேல் இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி, ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கானது. நம் ஊர் மருந்துக் குப்பிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கானது. பேனா ஊசிகளில் வருவது அது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டும், நினைவு தப்பும், விடிவதற்குள் உயிரே போய்விடலாம்.

இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. சேர்ந்து, இரவுப் பணியில் வார்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளம் டாக்டருக்கு இதை உட்கார வைத்துச் சொல்லித் தருவதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறதா என்பது, அவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார், எந்தப் பேராசிரியரின் யூனிட் வாய்த்தது என்பதைப் பொறுத்திருக்கிறது. சிலருக்குச் சொல்லித் தரப்படுகிறது. சிலர் வார்டு சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சிலர் ஒரு நோயாளி மயங்கி விழுந்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வகையைப் பற்றிய எச்சரிக்கை.

மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது

கணக்கிலிருந்து தொடங்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வு, நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். நகரங்களில் 16.4 விழுக்காடு, கிராமங்களில் 8.9 விழுக்காடு. அதே ஆய்வுக் குழு 2022-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு மேலும் கவலை தருவது. நீரிழிவு இருப்பதாகத் தங்களுக்குத் தெரிந்தவர்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.7 விழுக்காட்டினர்தான்.

தமிழ்நாடு இதில் கைகட்டி நின்ற மாநிலம் இல்லை. இந்தியாவின் முதல் நீரிழிவு கிளினிக் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கியது. கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கும் எளிய முறையைச் சென்னையின் டாக்டர் வீ. சேஷையா முன்னெடுத்தார், பிறகு அது நாட்டின் வழிகாட்டு நெறியானது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. பேருந்து வராத ஊரில் மாத்திரை வருவது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் மாத்திரை வாசலுக்கு வருவதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, இது என்ன நோய், எந்த வகை, இந்த உடம்புக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் 'சுகர்' என்று எழுதுவது அந்த முடிவின் முதல் சொல். நடைமுறையில் அதுவே கடைசிச் சொல்லாகவும் ஆகிவிடுகிறது. சுகர் என்று எழுதியதும் மெட்ஃபார்மின், கூடவே கிளிமிபிரைடு, அடுத்த மாதம் வாருங்கள். வரிசையில் அடுத்தவர் வந்துவிடுகிறார். சுகர் என்று எழுதிய பிறகு கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் பயிற்சி. அந்தப் பயிற்சிதான் நம்மிடம் மெலிந்திருக்கிறது.

பதினொன்றரை ஆண்டும் சில வாரங்களும்

நாளமில்லாச் சுரப்பிகளின் நோய்களில் தேர்ந்தவராக ஆவதற்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, டி.எம். மூன்று ஆண்டு என்று மொத்தம் பதினொன்றரை ஆண்டு வேண்டும். இத்தனை ஆண்டு படித்தவர் துறையூரிலோ முசிறியிலோ வந்து உட்காருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரீனல், கணையம் எல்லாவற்றுக்கும் நம் மக்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் மருத்துவர், பொது மருத்துவத்தில் எம்.டி. படித்தவர் அல்லது படித்துக்கொண்டிருக்கும் பி.ஜி. டாக்டர். அவருடைய மூன்று ஆண்டுகளில் இருதயம், நுரையீரல், சிறுநீரகம், மூளை நரம்பு, காய்ச்சல், விஷம் என்று எல்லாம் இருக்கின்றன. சுரப்பிகளுக்கு என்று தனியாகக் கிடைப்பது சில வாரச் சுற்றுப்பணி. அந்தத் துறையே இல்லாத கல்லூரி என்றால் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அல்லது அந்த வாரங்களும் பொது வார்டிலேயே கரைந்துவிடும்.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் சுற்றியுள்ள பல மாவட்டங்களுக்கு அடைக்கலம். ஸ்ரீரங்கத்து அக்ரகாரத்து முதியவரும், அரியலூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளியும், பச்சைமலை மரவள்ளி விவசாயியும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரி எதுவாக இருந்தாலும் இரவில் நோயாளியை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பயிற்சி மருத்துவர்தான். அவர் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தே மறுநாள் காலை பேராசிரியருக்குக் கிடைக்கும் கதை அமையும்.

மலையிலிருந்து இறங்கி வருபவர்

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகிறது. பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். தினையும் சாமையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏறுகிறது. ரேஷன் அரிசி மேலே ஏறுகிறது.

அந்த மலையிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்திரண்டு. உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையில் முக்கால் பங்குகூட இல்லை. சிறு வயதிலிருந்தே ஒட்டிய வயிறு. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், ரத்தச் சர்க்கரை 420. சீட்டில் சுகர் என்று எழுதப்படுகிறது. பிறகு?

பாடப்புத்தகத்தில் இரண்டு முக்கியப் பெட்டிகள் உண்டு. சிறு வயதில் வந்து, இன்சுலின் இல்லாவிட்டால் கீட்டோன் ஏறி உயிரைக் குடிக்கும் டைப் 1. நடு வயதில், தொந்தியோடு, இன்சுலின் இருந்தும் அது வேலை செய்யாத டைப் 2. இந்த மனிதர் இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை. டைப் 2 பெட்டியில் போட்டால், ஏற்கெனவே வற்றிய உடம்புக்கு 'அரிசியைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள்' என்ற அச்சடித்த அறிவுரை போய்ச் சேரும். டைப் 1 பெட்டியில் போட்டு அதற்கான அளவில் இன்சுலின் ஏற்றினால், வீட்டில் உணவு நிச்சயம் இல்லாத மனிதருக்கு இரவில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும்.

இந்த மூன்றாவது வகை நோயாளியை மருத்துவ உலகம் 1955-இலேயே ஜமைக்காவில் பார்த்துவிட்டது. 1985-இல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டமின்மை சார்ந்த நீரிழிவு' என்று தனி வகையாக ஏற்றது. 1999-இல் சான்று போதாது என்று அந்த வகையை நீக்கியது. பட்டியலிலிருந்து பெயர் போனதும் பாடத்திலிருந்தும் போனது. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைப் படிக்காமலே பட்டம் வாங்கினார்கள். நோயாளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சுரப்பியியல் துறையும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இப்படிப்பட்ட மெலிந்த நோயாளிகளை நுணுக்கமாக அளந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டன. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சுரக்கும் இன்சுலினை உடம்பு நன்றாகவே பயன்படுத்துகிறது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு 'டைப் 5' என்று பெயர் சூட்டியது. உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடிப் பேர் வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்த வகைப்பாட்டை எல்லா வல்லுநர்களும் இன்னும் ஏற்றுவிடவில்லை. ஆனால் மெலிந்த உடம்பில் சர்க்கரையைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கணையத்தில் கல் இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே, காசநோய் இருக்கிறதா என்று ஒரு சளிப் பரிசோதனை, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று ஒரு பட்டை. மூன்றும் தாலுகா மருத்துவமனையில் முடியக்கூடியவை. கேட்கத் தோன்றினால்.

அதே மலைப் பேருந்தில் கழுத்தில் வீக்கத்தோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கலாம். உப்பில் போதிய அயோடின் இருக்கும் வீடுகளின் விகிதத்தை 2018–19-இல் நாடு முழுக்க அளந்தபோது, உப்பு விளையும் தூத்துக்குடியைத் தன்னிடம் வைத்திருக்கும் தமிழ்நாடு 61.9 விழுக்காட்டோடு கடைசி இடத்தில் நின்றது. நாட்டின் சராசரி 76.3. மரவள்ளியில் உள்ள சயனைடுச் சேர்மங்கள் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும். கிழங்கைச் சரியாக வேக வைத்து, அயோடின் உப்பும் சேர்த்துக்கொண்டால் கவலை இல்லை. இரண்டில் ஒன்று தவறினால் கழுத்து காட்டிக்கொடுக்கும். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பவர், வீட்டில் கல் உப்பா பாக்கெட் உப்பா என்றும் கேட்க வேண்டும்.

பால் சுரந்ததா?

இன்னொரு நோயாளியைப் பார்ப்போம். வயது ஐம்பத்திரண்டு. சோர்வு, பசியின்மை, அடிக்கடி தலைசுற்றல். ரத்தத்தில் சோடியம் குறைந்து குழம்பிய நிலையில் ஏற்கெனவே இருமுறை அட்மிட் ஆகியிருக்கிறார். இரண்டு முறையும் சலைன் ஏற்றினார்கள், தெளிந்தார், வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஒரு டாக்டர் தைராய்டு பார்க்கச் சொல்கிறார். குறைவு என்று வருகிறது. தைராக்சின் மாத்திரை எழுதுகிறார். ஒரு வாரத்தில் அந்த அம்மாள் ரத்த அழுத்தம் விழுந்து சரிகிறார்.

நடந்தது என்ன? பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால், மூளையின் அடியில் பயறளவு தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம். 1937-இல் ஷீஹன் என்ற நோயியலாளர் இதை விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. தாய் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் பால் சுரப்பதில்லை. தூரமும் திரும்ப வருவதில்லை. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஒடுங்குகிறார். தைராய்டும் அட்ரீனலும் இரண்டுமே கட்டளை கிடைக்காமல் சோர்ந்து கிடக்கின்றன. அந்த உடம்புக்கு முதலில் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் தைராக்சின் கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், உடம்பில் மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து அட்ரீனல் நெருக்கடி வரும்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இனி இந்த நோய் குறையும். ஆனால் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும் மலைக் கிராமத்துப் பெண்கள் பலரும் பிள்ளை பெற்றது குடிசைக்குள், மருத்துவச்சியின் கையில். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இதைத் தேடிப் பார்த்த மருத்துவர்கள், பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 3 விழுக்காட்டினரிடம் கண்டார்கள். தேடினார்கள், கண்டார்கள். சோடியம் குறைந்து வரும் ஒரு பெண்ணிடம் 'கடைசிப் பிள்ளைக்குப் பால் சுரந்ததாம்மா?' என்று கேட்க ஸ்கேன் வேண்டாம், பணம் வேண்டாம், அரை நிமிடம் போதும். அந்தக் கேள்வியை ஒரு முறையாவது தன் பேராசிரியர் வாயிலிருந்து கேட்டிருக்கும் பி.ஜி., ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

இதற்கு அண்டை வீட்டுப் பிரச்சினை ஒன்று உண்டு. மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொட்டலத்தில் வாங்கித் தின்னும் மாத்திரை, சூரணம். சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்கும். வலி பறந்துவிடும். முகம் உப்பும், தோல் காகிதமாகும், சர்க்கரை ஏறும். சீட்டில் சுகர் என்று எழுதப்படும். பொட்டலத்தைத் திடீரென நிறுத்திய வாரத்தில் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால், பழக்கம் விட்டுப்போன அட்ரீனல் எழுந்திருக்காது. நோயாளி மேஜையிலேயே சரிவார். 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பொட்டலத்தைக் கொண்டுவர முடியுமா?' என்பதுதான் இங்கே இரண்டாவது கேள்வி.

விரதமும் வெறுங்காலும்

மலையை விட்டு இறங்கிக் காவிரிக் கரைக்கு வருவோம். சமயபுரத்தாள் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் அம்மனுக்கு நைவேத்தியம். கூடவே விரதம் இருக்கும் பக்தர்கள் ஏராளம். ஆற்றின் நடுவே ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கிடக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சுகர் மாத்திரை கிளிபென்கிளமைடோ கிளிமிபிரைடோ என்றால், அது வயிறு காலியா நிறைந்ததா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும்.

விரத நாளில் மயங்கிய பெரியவரை அழைத்துவருகிறார்கள். சர்க்கரை 38. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் திறக்கிறார், பேசுகிறார். வீட்டார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பயிற்சி இல்லாத டாக்டர் அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு அனுப்புவார். பயிற்சி உள்ளவர் முதலில் கிரியாட்டினின் பார்ப்பார். சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் உடம்பில் அந்த மாத்திரை ஒரு நாளுக்கு மேலும் தங்கியிருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் கரைந்ததும் சர்க்கரை மறுபடி விழும். அவரைப் படுக்க வைத்து, இரவு முழுவதும் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டு டாக்டர்களுக்கும் பட்டம் ஒன்றுதான்.

விரதத்தின் மறுபக்கம் வெறுங்கால். சித்திரைத் தேருக்குச் சமயபுரம் நோக்கி நடந்து போகிறார்கள். ஸ்ரீரங்கத்தின் பிரகாரக் கல் கோடை நண்பகலில் தோசைக்கல். சுடுகிறது என்று கால் சொன்னால் ஓடிப்போய் நிழலில் நிற்கலாம். பல ஆண்டு நீரிழிவில் நரம்பு மரத்த கால் எதுவும் சொல்லாது. வீட்டுக்குப் போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும்போது கொப்புளம் இருக்கும். பத்து நாளில் புண். பிறகு விரல் எடுக்க வேண்டும் என்பார்கள்.

மரத்த காலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னவர் பச்சைமலைக்குப் பக்கத்து மலையில் பிறந்தவர் என்பதை நம் மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்குக் கை, கால் அறுவைச் சிகிச்சை செய்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பியது. அவர் நோயாளிகளின் பின்னாலேயே நடந்து பார்த்து, வலி தெரியாததால் நேரும் சிறு காயங்களே விரலைத் தின்கின்றன என்று காட்டினார். மிருதுவான நுண்ணறை ரப்பர் செருப்பை வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போன பிறகு அதே அறிவு நீரிழிவுக் காலுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று உலகம் முழுதும் பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை வைத்து அழுத்தி 'தெரிகிறதா?' என்று கேட்கிறார்களே, அந்தச் சோதனையின் வேர் தொழுநோய் வார்டில் இருக்கிறது. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகும். நோயாளி செருப்பையும் காலுறையையும் கழற்ற வேண்டும். டாக்டர் குனிய வேண்டும். நெரிசலான ஓ.பி.யில் முதலில் விட்டுப்போவது இந்தக் குனிதல்தான்.

2021 தந்த முன்னறிவிப்பு

பயிற்சி மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2021 கோடையில் நாடே பார்த்தது. கொரோனா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து. அதே மருந்து சர்க்கரையை விர்ரென்று ஏற்றும். எங்கே தேவையோ அங்கே மட்டும், எத்தனை நாளோ அத்தனை நாள் மட்டும், தினமும் சர்க்கரை பார்த்து இன்சுலினோடு கொடுக்க வேண்டும். பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. கறுப்புப் பூஞ்சை வந்தது. ஜூன் 28 நிலவரப்படி 40,845 பேர் பாதிக்கப்பட்டதாக ஒன்றிய சுகாதார அமைச்சர் தெரிவித்தார். அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். கண்ணை இழந்தவர்கள், மேல்தாடையை இழந்தவர்கள் இன்றும் நம்மிடையே நடமாடுகிறார்கள். கொரோனா கிருமி புதியது, ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்ற அறிவு மிகப் பழையது.

அடுத்த கண்ணியும் தெரிந்தே இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. விலை மளமளவென இறங்கியது. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள், ஏழைக்கும் எட்டுவது வரவேற்க வேண்டியது. ஆனால் இவற்றை எடுப்பவர் பட்டினி கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஆபரேஷனுக்கு வந்தாலோ, சர்க்கரை 180 என்று சாதுவாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிக் கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே இதை எச்சரித்தது. குளுக்கோமீட்டரை மட்டும் நம்பப் பழகிய டாக்டர், '180 தானே, வயிற்றுக் கோளாறு' என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார். விரதங்களின் ஊரில் இந்த மருந்து பரவும்போது, மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று சொல்லத் தெரிந்த டாக்டர்களும் அதே வேகத்தில் பெருக வேண்டும்.

செய்யக்கூடியது

வழி இருக்கிறது, பெரும்பாலும் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி ஒவ்வொரு பி.ஜி.யும் தன் படிப்புக் காலத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அந்த மூன்று மாதத்தை ஆள் பற்றாக்குறையை அடைக்கும் காலமாகக் கருதினால் மூன்று மாதமும் வீண். அதில் சில வாரமாவது மலையடிவார மருத்துவமனையோடும், டாப் செங்காட்டுப்பட்டி போன்ற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் இணைத்து, சுரப்பியியல் பேராசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை வீடியோவில் கேஸ் கேட்டால், அதுவே வகுப்பறை. தொலைவிலிருந்து கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. 2010 முதல் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையும் சென்னையின் நீரிழிவுக் கல்வி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு வேலையை விடாமலே நீரிழிவுச் சான்றிதழ்ப் படிப்பை நாடெங்கும் நடத்திக் காட்டியிருக்கின்றன.

இரண்டாவது, கைப்பழக்கம். எம்.டி. தேர்வில் உட்காரும் முன் ஒவ்வொருவரும் சில காரியங்களைப் பேராசிரியர் கண்முன் செய்து கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இரண்டு சிரிஞ்சிலும் 20 யூனிட் இழுத்துக் காட்டுவது. இன்சுலின் போடும் இடத்தில் தோலடிக் கட்டியைத் தடவிக் கண்டுபிடிப்பது. பத்துப் பாதங்களைக் குனிந்து பரிசோதிப்பது. கீட்டோன் ஏறிய நோயாளிக்கு முதல் மணி நேரச் சலைனில் தொடங்கி, பொட்டாசியம் பார்த்து, எடைக் கிலோவுக்கு 0.1 யூனிட் வீதம் மணிக்கு மணி இன்சுலினை நடத்திச் செல்வது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் குப்பியை எப்படி வைப்பது என்று ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்வது. கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குக் கடினமாக இருக்கும்.

மூன்றாவது, தேர்வு. பரீட்சையில் வருவதைத்தான் மாணவர் படிப்பார். மெலிந்த நீரிழிவும், பால் சுரக்காத தாயும், உப்பிய முகமும் தேர்வு வார்டில் நீண்ட கேஸாக வைக்கப்பட்டால், அடுத்த ஆண்டே அவற்றை எல்லாரும் தேடிப் படிப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டுப் பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. படித்து முடித்ததும் அவர்கள் நம் தாலுகா மருத்துவமனைகளுக்கே திரும்பி வருகிறார்கள். முப்பது வயதில் எம்.டி. முடிக்கும் ஒருவர் அறுபது வரை அங்கே இருப்பார். நாளுக்கு முப்பது சுகர் நோயாளிகள், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்துக்கொண்டாலும் அவர் கையால் எழுதப்படும் சீட்டுகள் 2,70,000. பயிற்சிக் காலத்தில் சரிசெய்யாமல் விட்ட ஒரு பிழை அந்தச் சீட்டுகளோடு முப்பது ஆண்டு பயணம் செய்யும். பயிற்சிக் காலத்தில் பழகிய ஒரு நல்ல கேள்வியும் அப்படியே பயணம் செய்யும்.

இப்போது எங்கோ ஒரு வார்டில் ஒரு பி.ஜி. டாக்டர் சீட்டில் சுகர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். பேனாவை மூடுவதற்கு முன் அவர் தலையை நிமிர்த்தி நோயாளியைப் பார்க்கிறாரா என்பது, நாம் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.